அமெரிக்கப் பேஃபோனில் வெளியூருக்குப் பேசுவது எப்படி: கேரியர், கமிஷன், பில்

இந்திய சிம் வேலை செய்யவில்லை, கூட்டிப்போக வருகிறேன் என்றவரையும் காணவில்லை. விமான நிலையச் சுவரில் ஒரு பேஃபோன் கண்ணில் படுகிறது. காசு போடும் துளைக்குப் பக்கத்திலேயே கார்டு தேய்க்கவும் இடம் இருக்கிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்து 2 நிமிடம் பேசிவிட்டு, சாமான்களோடு கிளம்பிவிடுகிறீர்கள். மாதக் கடைசியில் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் இருபது, முப்பது டாலர் போயிருக்கும். அமெரிக்காவில் இந்தப் புகார் பல காலமாக வந்துகொண்டே இருக்கிறது. பேஃபோன்கள் குறைந்துபோன பிறகும் நிற்கவில்லை.

1999இல் அமெரிக்காவில் சுமார் 21 லட்சம் பேஃபோன்கள் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை அதில் சிறு பங்குதான். நியூயார்க் மாநகராட்சி தன் கடைசி தெருப் பேஃபோனை 2022 மே 23 அன்று டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகில் கழற்றியது. ஆனாலும் விமான நிலையம், மருத்துவமனை, நெடுஞ்சாலை ஓய்விடம், செல்பேசி சிக்னல் எட்டாத மலைப்பகுதிகள் என்று இன்னும் சிலது நிற்கிறது. புதிதாக வருபவர்கள் இவற்றைத் தொடவேண்டி வந்தால் பணத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைப் பார்ப்போம்.

முதலில், உங்கள் காசு யார் யாருக்குப் போகிறது

நம் ஊர் எஸ்.டி.டி. பூத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும். அங்கே சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடும், அதைப் பார்த்துப் பேச்சைச் சுருக்கிக்கொள்வோம், முடிந்ததும் ரசீது கிழித்துக் கொடுப்பார்கள். பூத் யாருடையது என்றாலும் பின்னால் இருந்தது ஒரே தொலைபேசித் துறை. அமெரிக்கப் பேஃபோனில் நீங்கள் பார்க்கிற மாதிரி மீட்டர் கிடையாது. ஒரு பெட்டிக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள்: இடத்தின் சொந்தக்காரர் (பெட்ரோல் பங்க், ஓட்டல், மருத்துவமனை), பெட்டியின் சொந்தக்காரர், உள்ளூர் லைன் கொடுக்கும் கம்பெனி, வெளியூருக்கு அழைப்பைக் கொண்டுபோகும் கேரியர்.

இந்தப் பிரிவினை 1984இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஏடி அண்ட் டி நிறுவனம் உடைக்கப்பட்டது. உள்ளூர் சேவை ஏழு வட்டாரக் கம்பெனிகளுக்குப் போனது. நாடு 'லாட்டா' என்ற வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டத்துக்குள் பேசினால் உள்ளூர் கம்பெனி, வட்டம் தாண்டினால் ஏடி அண்ட் டி, எம்.சி.ஐ., ஸ்பிரின்ட் போன்ற கேரியர். அதே ஆண்டு தனியாரும் சொந்தமாகப் பேஃபோன் வைக்கலாம் என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அனுமதித்தது.

வீட்டு லைனுக்கு எந்தக் கேரியர் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார். பேஃபோனுக்கு அதை முடிவு செய்வது பேசுகிற நீங்கள் அல்ல, பெட்டி வைத்திருப்பவரும் இடம் கொடுத்தவரும்தான். யார் அதிகக் கமிஷன் தருகிறார்களோ அவர்களுக்கு லைன். அந்தக் கமிஷனுக்கான பணம் பேசுகிறவரிடமிருந்துதான் வரவேண்டும். கம்பெனிகள் போட்டி போட்டால் விலை இறங்கும் என்பார்கள். இங்கே போட்டியே கமிஷனில் நடந்ததால் விலை ஏறியது. கீழே சொல்கிற படிகள் எல்லாமே, அவர்கள் உங்களுக்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கேரியரிடம் போய் மாட்டாமல் இருக்கும் வழிகள்தான்.

இந்தத் தேர்வு எந்த அளவுக்குக் கேலிக்கூத்தானது என்பதற்கு டெக்சஸ் கதை ஒன்று உண்டு. ஆபரேட்டரை அழைத்து வெளியூர் இணைப்புக் கேட்டால், "எந்தக் கம்பெனி வழியாக?" என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் "தெரியாது", "எதுவானால் என்ன" என்றுதான் சொல்வார்கள். 1990களில் அங்கே ஒரு நிறுவனம் 'ஐ டோன்ட் நோ', 'ஐ டோன்ட் கேர்', 'இட் டஸ்ன்ட் மேட்டர்', 'ஹூஎவர்' என்ற பெயர்களிலேயே கேரியர் சேவையைப் பதிவு செய்து வைத்தது. அலட்சியமாகப் பதில் சொன்னவரின் அழைப்பு அங்கே போய்ச் சேர்ந்தது, பில்லும் அவர்கள் விலையில் வந்தது.

படி 1: ரிசீவரை எடுக்குமுன் அட்டையைப் படியுங்கள்

இப்படிப்பட்ட கூத்துகள் தாங்காமல் 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆபரேட்டர் சேவைகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி பெட்டியின் மேலோ பக்கத்திலோ சில விவரங்கள் இருந்தாக வேண்டும்: ஆபரேட்டர் சேவை தரும் கம்பெனியின் பெயர், முகவரி, இலவச எண், விலை கேட்டால் சொல்லப்படும் என்ற அறிவிப்பு, உங்களுக்கு விருப்பமான கேரியரைப் பயன்படுத்த உரிமை உண்டு என்ற வாசகம், எஃப்.சி.சி.க்குப் புகார் அனுப்பும் முகவரி. இத்துடன் உள்ளூர் அழைப்புக்கான கட்டணமும் எழுதியிருக்கும்.

அட்டை கிழிந்திருக்கிறதா, மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார்களா? அந்தப் போனில் காசு போடாமல், கார்டு தேய்க்காமல் நகர்ந்துவிடுங்கள். அவசர உதவிக்கான 911 மட்டும் விதிவிலக்கு, அதற்குக் காசு வேண்டாம். பெட்டியின் மேல் அந்தப் போனின் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு புகார் செய்ய உதவும். அந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்கச் சொல்லலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். பல பேஃபோன்களில் உள்வரும் அழைப்பு கிடையாது. போதைப்பொருள் வியாபாரிகள் தெருப் போன்களையே ஆபீஸாக வைத்துக்கொண்ட காலத்தில் பல ஊர்களில் அதை அடைத்துவிட்டார்கள்.

பழைய உள்ளூர் கம்பெனி போனாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1-700-555-4141 என்று அழுத்தினால், அந்த லைனுக்கு யார் கேரியர் என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும்.

படி 2: சில்லறை இருந்தால் சில்லறையே நல்லது

காசு போட்டுப் பேசுவதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. பேசுவதற்கு முன்பே விலை தெரிந்துவிடும். 5, 10, 25 சென்ட் நாணயங்களைத்தான் பொதுவாக எடுக்கும். 1 சென்ட் செல்லாது. மீதிச் சில்லறையும் வராது, ஆகவே 25 சென்ட் நாணயங்களாகவே கையில் வைத்திருங்கள்.

உள்ளூர் அழைப்பு நீண்ட காலம் பல ஊர்களில் 25 சென்ட்டாக இருந்தது. 1997 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 35 ஆனது, பிறகு 50. வெளியூருக்கு 1 என்ற எண்ணுடன் வட்டாரக் குறியீட்டையும் சேர்த்து அழுத்தினால், இவ்வளவு போடுங்கள் என்று ஒரு குரல் கேட்கும். சில தனியார் பெட்டிகளில் 1 டாலருக்கு 4 நிமிடம், நாட்டில் எங்கே வேண்டுமானாலும் என்று எழுதியிருக்கும். அது கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளில் இரண்டு இனம் உண்டு. பழைய உள்ளூர் கம்பெனிப் பெட்டிக்குச் சொந்த மூளை கிடையாது. நாணயம் விழும்போது அது ஒலி எழுப்பும், 5 சென்ட்டுக்கு ஒரு 'பீப்', 10க்கு இரண்டு, 25க்கு ஐந்து. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி அதைக் கேட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும். (இந்த ஒலியை டேப்பில் பதிந்து ஓடவிட்டு ஓசியில் பேசிய கில்லாடிகளும் இருந்தார்கள்.) தனியார் பெட்டி அப்படியல்ல. விலைப்பட்டியலே அதற்குள் இருக்கும் சர்க்யூட்டில் இருக்கிறது. நீங்கள் கேட்கும் டயல் டோன்கூடப் பல சமயம் அது தானே உண்டாக்கியது.

இதனால் ஒரு தொல்லை. மறுமுனையில் எடுத்தார்களா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், பெட்டிக்கு எப்போதும் தெரியாது. ஆகவே பழைய தனியார் பெட்டிகளில் பல, இத்தனை விநாடி மணி அடித்தாயிற்று, எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம் என்று தாங்களே முடிவுகட்டிக் காசை விழுங்கிவிடும். நாலைந்து மணிக்குள் எடுக்கவில்லையென்றால் ரிசீவரை வைத்துவிடுங்கள். பதிவுக் கருவி எடுத்தாலும் எடுத்ததாகத்தான் கணக்கு.

இந்தியாவுக்கு நேராக, வெளிநாட்டு அழைப்புக்கான 011 போட்டுக் காசில் பேசுவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் 011ஐ அடைத்துவிட்டிருப்பார்கள். திறந்திருந்தால் கேட்கும் சில்லறையை மடியில் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

படி 3: 0 போட்டு ஆரம்பிக்காதீர்கள்

காசு கொடுக்காமல் 0 போட்டு, அதன்பின் வெளியூர் எண்ணை அழுத்தினால் அழைப்பு நேராகப் பெட்டிக்காரர் தேர்ந்தெடுத்த கேரியரிடம் போய்விடும். கிரெடிட் கார்டு, கலெக்ட் கால் (எடுப்பவர் பணம் கொடுப்பது), மூன்றாம் நபரின் எண்ணில் பில் என எல்லாமே அங்கேதான். பெரிய பில்கள் இந்த வழியில்தான் பிறக்கின்றன. கார்டு தேய்க்கும் இடமும் இதே வழிக்கு இன்னொரு வாசல்தான்.

வேறு வழியே இல்லை, 0தான் என்றால் உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அழைப்பின் தொடக்கத்தில் கம்பெனி தன் பெயரைச் சொல்லவேண்டும். பெயரைக் கேட்டதும் பிடிக்கவில்லையென்றால், இணைப்புக் கொடுக்குமுன் வைத்துவிடலாம், ஒரு பைசா வாங்கக்கூடாது. விலை கேட்டால் அங்கேயே, அப்போதே சொல்லவேண்டும். மாநிலம் தாண்டிய அழைப்புகளுக்கு இன்னொரு விதியும் உண்டு: இரண்டு எண்களுக்கு மேல் அழுத்தாமலோ, லைனிலேயே காத்திருந்தோ விலையைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லவேண்டும். காத்திருந்து கேளுங்கள். கேட்கும்போது நிமிட விலை என்ன என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். நிமிட விலைக்கு மேலே ஆபரேட்டர் கட்டணம் என்று ஒரு மொத்தத் தொகை இருக்கும், 2 நிமிட அழைப்பில் அதுதான் பெரிய பங்கு. "மொத்தம் 3 நிமிடத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பெயர் சொல்லி இன்னாரைக் கூப்பிடு என்று கேட்பது, நம் பழைய டிரங்க் காலில் பி.பி. என்றோமே, அது இங்கேயும் உண்டு. கட்டணம் இன்னும் அதிகம். தேவையில்லை.

ஒரு காலத்தில் நடந்த இன்னொரு தில்லுமுல்லும் சொல்லத்தக்கது. நீங்கள் நிற்பது சிகாகோ, ஆனால் ஆபரேட்டர் நிலையம் வேறு மாநிலத்தில் இருக்கும். எனக்கு வேறு கேரியர் வேண்டும் என்று கேட்டால், அங்கிருந்தே அந்தக் கேரியரிடம் மாற்றிவிடுவார்கள். பில்லில் நீங்கள் அந்த வேற்று மாநிலத்திலிருந்து பேசியதாகப் பதிவாகும். தூரம் கூடினால் தொகையும் கூடும். பேசுபவரின் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்வதை 1990 சட்டம் தடுத்தது. பில்லில் நீங்கள் போகாத ஊர் இருந்தால் இதுவாகவும் இருக்கலாம்.

படி 4: இலவச எண் வழியாக உங்கள் கேரியரைப் பிடியுங்கள்

800, 888, 877, 866 போன்ற எண்களில் தொடங்குபவை பேசுபவருக்கு இலவசம், காசு போடவேண்டாம். ப்ரீபெய்டு காலிங் கார்டின் பின்னால் இருப்பது இப்படி ஓர் எண்தான். அதை அழைத்து, கார்டின் ரகசிய எண்ணை அழுத்தி, பிறகு 011 91 என்று உங்கள் ஊர் எண்ணைப் போட்டால், பெட்டிக்காரரின் கேரியரை முற்றிலும் தாண்டிவிட்டீர்கள். பெட்டிக்காரர் இந்த எண்களை அடைப்பது சட்டத்துக்கு எதிரானது.

பழைய வழிகாட்டிகளில் 1010 என்று தொடங்கும் குறியீடுகளைப் பார்ப்பீர்கள். ஏடி அண்ட் டி-க்கு 1010288, எம்.சி.ஐ.க்கு 1010222, ஸ்பிரின்ட்டுக்கு 1010333. எண்ணுக்கு முன்னால் இதைப் போட்டால் அந்தக் கேரியர் வழியாகப் போகும். 1998க்கு முன் இவை 10288 என்பதுபோல் ஐந்து இலக்கமாகவே இருந்தன. இன்று இதை நம்பிப் பயணம் கிளம்பவேண்டாம்.

சரி, இலவச எண் என்றால் பெட்டிக்காரருக்கு என்ன லாபம்? 1996 தொலைத்தொடர்புச் சட்டம் இதற்குப் பதில் சொன்னது. காசு போடாத ஒவ்வொரு அழைப்புக்கும் கேரியர் பெட்டிக்காரருக்கு ஈடு கொடுக்கவேண்டும். 1997இல் அது 28.4 சென்ட், 1999இல் 24, 2004இல் 49.4. பேசுகிறவர்கள் குறையக் குறைய ஒரு அழைப்பின் மேல் விழும் செலவு கூடும் என்பதால்தான் 2004இல் அந்த ஏற்றம். பேஃபோனிலிருந்து அழைப்பு வரும்போது கூடவே ஒரு குறியீட்டு எண்ணும் போகும். அதை வைத்து கார்டு கம்பெனி கண்டுகொண்டு உங்கள் கார்டிலிருந்து பேஃபோன் கட்டணம் என்று கழிக்கும், பல சமயம் தான் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே. சிகாகோ டெவான் அவென்யூ, நியூ ஜெர்சி எடிசன் போன்ற இடங்களின் மளிகைக் கடைக் கல்லாவில் 5 டாலர் கார்டு வாங்கியவர்கள், சுவரொட்டியில் போட்டிருந்த நிமிடங்களில் பாதிகூட வரவில்லையே என்று குழம்பியதற்கு இது ஒரு காரணம். இணைப்புக் கட்டணம், வாராந்திரப் பராமரிப்புக் கட்டணம், பேசிய நேரத்தை 3 நிமிடத் தொகுதிகளாக மேல்நோக்கி முழுமையாக்குவது ஆகியவை மற்ற காரணங்கள். பின்பக்கப் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும். வாங்குமுன் கடைக்காரரிடம், "பேஃபோன்ல போட்டா எவ்வளவு கழியும்ணா?" என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியும்.

இதன்படி ஒரு நடைமுறை யோசனை: இணைப்பு கிடைத்ததும் பேசவேண்டியதை முழுக்கப் பேசிவிடுங்கள். வைத்துவிட்டு மறுபடி அழைத்தால் மறுபடியும் கழியும். ரகசிய எண்ணை அழுத்தும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். 1990களில் நியூயார்க் ரயில், பேருந்து நிலையங்களில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எண்ணைத் திருடுவதையே தொழிலாக வைத்திருந்தார்கள்.

கலெக்ட் கால் பற்றி

எடுப்பவர் பணம் கொடுக்கும் அழைப்பு இது. மறுமுனையில் செல்பேசி என்றால் பொதுவாக நடக்காது, ஏனென்றால் கலெக்ட் கால் தொகை வீட்டு லைன் பில்லில்தான் ஏறிப் பழகியது. அந்த லைன் கலெக்ட் காலை ஏற்குமா என்று ஒரு தரவுத்தளத்தில் பார்த்துவிட்டுத்தான் இணைப்பார்கள். வயதான அப்பா அம்மா வீட்டில் லேண்ட்லைனுடன் இருந்தால், உள்ளூர் தொலைபேசிக் கம்பெனியிடம் சொல்லி கலெக்ட் கால் தடை போட்டுக்கொள்ளலாம்.

முன்பு தானியங்கிக் குரல் "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றதும், பெயருக்குப் பதில் "அம்மா, மேட்ச் முடிஞ்சது, வந்து கூட்டிட்டுப் போ" என்று ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா அழைப்பை மறுத்துவிட்டுக் காரை எடுப்பார். நம் மிஸ்டு கால் புத்திதான்.

இடத்துக்காரருக்குக் கமிஷன், பேசுபவருக்கு வேறு வழியே இல்லை என்ற இந்த ஏற்பாடு மிகக் கொடுமையாக வேலை செய்தது சிறைகளில். சிறையில் இருந்த பேரனோடு பேச ஆன செலவை எதிர்த்து மார்த்தா ரைட் என்ற பாட்டி வழக்குத் தொடுத்தார், 2003இல் எஃப்.சி.சி.க்கு மனு கொடுத்தார். மாநிலம் தாண்டிய சிறை அழைப்புகளுக்கு நிமிடத்துக்கு 21 சென்ட், கலெக்ட் காலானால் 25 சென்ட் என்று உச்சவரம்பு வந்தது 2013இல். 2015இல் அவர் காலமானார். மாநிலத்துக்குள்ளான அழைப்புகளையும் ஒழுங்குபடுத்த வழிசெய்த, அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. முன்பின் தெரியாத ஒருவர் சிறையிலிருந்து அழைத்து, நட்சத்திரக் குறியுடன் 72 போட்டு ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். அது உங்கள் லைனை அவர் சொல்லும் எண்ணுக்குத் திருப்பிவிடும் உத்தி, அப்புறம் வரும் பில் உங்களுடையது.

காசே வேண்டாத போன்கள்

நியூயார்க்கில் என்றால் பேஃபோனையே தேடவேண்டாம். 2016 முதல் தெருக்களில் நிற்கும் லிங்க் என்.ஒய்.சி. தூண்களில் அமெரிக்காவுக்குள் எங்கும் இலவசமாகப் பேசலாம். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஃப்யூடெல், ஃபிலடெல்ஃபியாவில் ஃபில்டெல் என்று ஆர்வலர்கள் பழைய பேஃபோன் பெட்டிகளைச் சரிசெய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் நூலகத்திலோ ஓட்டல் வரவேற்பு மேசையிலோ "ஒரு லோக்கல் கால் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

படி 5: பில் வந்தபின்

அழைத்த அன்றே நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: தேதி நேரம், இடம், பெட்டியின் எண், கம்பெனி சொன்ன பெயர். பில்லில் வரும் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். சின்னக் கேரியர்கள் தாங்களே பில் போடுவதில்லை, பில் திரட்டும் இடைக் கம்பெனிகள் மூலமாக அனுப்புவார்கள். வீட்டு போன் பில்லில் தனிப் பக்கமாக வரும், கார்டில் ஒற்றை வரியாக வரும். அந்த வரியில் இருக்கும் இலவச எண்ணை முதலில் அழையுங்கள். தொடக்கத்தில் பெயர் சொல்லவில்லை, விலை கேட்டும் சொல்லவில்லை, இணைப்பே கிடைக்கவில்லை என்பதில் எது உண்மையோ அதை நேராகச் சொல்லுங்கள். விவாதம் முற்றுவதற்குள் தொகையைக் குறைத்துத் தருகிற கம்பெனிகள் உண்டு.

குறைக்கவில்லையென்றால், கிரெடிட் கார்டில் போன பணத்துக்கு அந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கவேண்டும். டெபிட் கார்டுக்கு விதிகள் வேறு, பாதுகாப்பும் குறைவு, ஆகவே பேஃபோனில் டெபிட் கார்டைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

புகார் எங்கே என்பது அழைப்பு எங்கே போனது என்பதைப் பொறுத்தது. மாநிலம் தாண்டியோ வெளிநாட்டுக்கோ பேசியிருந்தால் எஃப்.சி.சி., அதன் இலவச எண் 1-888-225-5322. மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேசியிருந்தால் அந்த மாநிலத்தின் பொதுச் சேவை ஆணையம். இந்த இரண்டாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்து ஊர்தானே, என்ன ஆகிவிடும் என்று விலை கேட்காமல் பேசுவார்கள். மாநிலத்துக்குள்ளான கட்டணம் வேறு ஆணையத்தின் கீழ் வருவதால், நாட்டின் மறுகரைக்குப் பேசுவதைவிட அது அதிகமாக இருந்த காலங்கள் உண்டு.